தெருநாய்க் கழிவும் நமது பொறுப்பும் – ஒரு வரலாற்றுப் பார்வை



ஆண்டறிக்கை மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என நிர்வாகக் குழுவினர் நம்மிடம் கேட்டனர். கலீஃபாக்களின் ஆட்சிச் சிறப்பைப் பற்றியோ, நமக்கு அருகிலுள்ள செங்கத்தில் 1767-ஆம் ஆண்டு ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரைப் பற்றியோ எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நாம் எழுத எடுத்துக்கொண்டதோ நாயின் மலத்தைப் பற்றிய வரலாறு. தலைப்பைக் கேட்டவுடன் செயலாளர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "ஹஜ்ரத், மலரில் இதைப் போட வேண்டுமா?" என்றும் கேட்டார். அவசியம் போட வேண்டும் என்றோம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த சில நாட்களில், காலை மக்தபுக்கு வந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், பள்ளிவாசல் வாயிலருகே கிடந்ததை இருட்டில் மிதித்துவிட்டு, அறியாமல் உள்ளே வந்து, புதிதாக விரிக்கப்பட்ட கம்பளத்தில் நாலைந்து அடி நடந்துவிட்டான். செருப்பு அணியாத கால். பெரியவர் ஒருவர் அவனைக் கடிந்துகொண்ட கடுமையில் பையன் அழுதபடியே வீட்டிற்கு ஓடிவிட்டான். மூன்று நாட்கள் மக்தபுக்கு வரவில்லை. அன்று இஷாவுக்குப் பின் கூடிய கூட்டத்தில் கோபம் நாய்கள் மீது திரும்பியது. "சோற்றில் மருந்து வைத்துவிட்டால் ஒரே இரவில் தெரு சுத்தமாகிவிடும்" என்று இளைஞர் இருவர் வெளிப்படையாகவே கூறினர். அவர்களை மறுத்துப் பேசியவர்கள் அதிகம் இல்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். நாம் ஒரு மாத அவகாசம் கேட்டோம். இந்தத் தொல்லை நமக்கு மட்டும் புதிதாக வந்ததா, முன்னிருந்தோர் இதற்கு என்ன செய்தனர், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தேடிப் படித்தோம். அந்தத் தேடலில் கிடைத்தவையே இக்கட்டுரை.

மார்க்கச் சட்டத்தை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுவோம். நாயின் உடலும் வியர்வையும் பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே நஜீஸ். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சில் நஜீஸ், உலர்ந்த உடல் நஜீஸ் அன்று. ஆனால் அதன் மலம் நஜீஸ் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆகவே அந்தச் சிறுவனின் காலும் கம்பளமும் கழுவப்பட வேண்டியவையே. அதே வேளையில் மற்றொரு செய்தியையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாப் பள்ளிவாசலுக்குள் நாய்கள் வந்து போய்க்கொண்டிருந்தன என்றும், அதற்காக அங்கே தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இருக்கவில்லை என்றும் இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இடம்பெற்றுள்ளது. தொடக்கக் காலத்தில் பள்ளிக்குக் கதவுகள் இல்லாதிருந்த நிலை அது, பிற்பாடு பள்ளியின் கண்ணியத்தைப் பேணும்படி கட்டளை வந்து கதவுகள் வைக்கப்பட்டன என்று விளக்கவுரையாளர் இப்னு ஹஜர் கூறுகிறார். நாய்களைக் கொல்லுமாறு ஒரு கட்டத்தில் பிறந்த உத்தரவு பின்னர் நிறுத்தப்பட்டதையும், வேட்டைக்கும் மந்தைக் காவலுக்கும் நாய் வளர்க்க அனுமதி தரப்பட்டதையும் முஸ்லிம் நூலில் பார்க்கிறோம். பாதையிலும் மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலங்கழிப்பது சாபத்திற்குரிய செயல் என்ற எச்சரிக்கை மனிதனுக்கே தரப்பட்டது. நாய்க்கு அந்தச் சட்டம் இல்லை. அதற்கு உணவிட்டவனுக்கு உண்டா என்பதே நம் கேள்வி.

விலை இருந்த காலம்

இனி வரலாற்றுக்கு வருவோம். நாயின் மலம் ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்கப்பட்ட பொருள் என்றால் நம்ப முடிகிறதா? நம் ஜமாஅத்தில் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகளில் வேலை பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கப்பட்ட தோல் விறைப்பாக இருக்கும். அதைப் பதனிடுவதற்கு முன் மென்மையாக்கியாக வேண்டும். கையுறை, புத்தக அட்டை போன்றவற்றுக்குரிய மெல்லிய தோலுக்கு இந்தப் பக்குவம் மிகவும் இன்றியமையாதது. ஐரோப்பாவில் இதற்கு நாய் மலத்தை வெந்நீரில் கரைத்து, அதில் தோலை ஊறவைத்தனர். மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரில் புறா எச்சத்தைப் பயன்படுத்துகின்றனர். நம் தமிழகத்துத் தோலுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஆவாரம் பட்டை. அந்தத் தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி லண்டன் சந்தைக்குச் சென்ற காலத்தில், அதே லண்டனில் ஏழைகள் வாளியும் கையுமாகத் தெருத்தெருவாக நாய் மலம் பொறுக்கிக்கொண்டிருந்தனர்.

ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளை நேரில் சந்தித்து எழுதிய நூல் 1851-ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்தத் தொழிலாளர்களைப் பற்றி அதில் தனிப் பகுதியே உண்டு. பெர்மாண்ட்சி என்னும் தோல் பேட்டையில் ஒரு வாளிக்கு 8 பென்ஸ் முதல் ஒரு ஷில்லிங்குக்குச் சற்று மேல் வரை, தரத்திற்கேற்ப விலை கிடைத்தது. உலர்ந்து வெளுத்துச் சுண்ணாம்பு போல இருப்பதற்கு விலை அதிகம். அதற்காகச் சிலர் பழஞ்சுவரிலிருந்து சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிக் கலந்து விற்றனராம்! கலப்படம் எந்தப் பொருளையும் விட்டுவைக்கவில்லை. கையுறையைக் கழுவுவதைவிடக் கையைக் கழுவுவது எளிது என்று வெறுங்கையாலேயே அள்ளியவர்கள் பலர். ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்து, முதுமையில் வேறு வழியின்றி இத்தொழிலுக்கு வந்த ஒரு மூதாட்டியின் கதையையும் மேஹ்யூ எழுதியிருக்கிறார்.

நாம் இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் தெருவில் கிடந்ததை அள்ள எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. பொருளுக்கு விலை இருந்தது, ஆகவே அள்ளினார்கள். 1907-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலர், அறுக்கப்பட்ட கால்நடைகளின் கணையத்திலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டு அதே வேலையைச் சுத்தமாகச் செய்ய வழி கண்டார். ஹாஸ் என்பவருடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம் இதனாலேயே பெரும் நிறுவனமாக வளர்ந்தது. தோல் தொழிலாளிக்கு அது பெரும் விடுதலை. ஆனால் அன்றிலிருந்து நாய் மலத்திற்கு விலை போயிற்று. விலை போனதும் அதை அள்ளும் கையும் போயிற்று. அதன்பின் அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

கொன்று பார்த்தவர்கள்

நம் இளைஞர்கள் சொன்ன வழியை அரசாங்கங்களே முயன்று பார்த்திருக்கின்றன. பம்பாயில் ஆங்கிலேயர், தெருநாய்களைக் கொல்பவருக்கு நாய் ஒன்றுக்கு எட்டணா வெகுமதி என்று வைத்தனர். எட்டணா அன்று சிறு தொகை அன்று. காசாசையில் சேவகர்கள் தெருநாயோடு நிறுத்தாமல், வீட்டு நாய்களையும் வாயிலிலிருந்தே இழுத்துச் சென்றனர். நாயைப் புனிதமாகக் கருதும் பார்சி மக்கள் 1832 ஜூன் மாதம் கிளர்ந்தெழுந்தனர். பிற சமூகத்தாரும் அவர்களோடு சேர, கடைகள் அடைக்கப்பட்டன. கோட்டைக்கு உணவுப் பொருள் செல்வதும் தடைப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, 1834-இல், பார்சி வணிகர் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலானோர் அந்நகரில் விலங்குகளுக்கான பாஞ்சராப்போல் என்னும் காப்பிடத்தை நிறுவினர்.

உதுமானியத் தலைநகரான இஸ்தான்பூலின் கதை இதைவிட நம் நெஞ்சைத் தொட்டது. அந்நகரின் ஒவ்வொரு மஹல்லாவிலும் நாய்க் கூட்டங்கள் இருந்தன. கடைக்காரர்களும் வீட்டாரும் அவற்றுக்கு உணவிட்டனர். குப்பையில் எறியப்பட்ட கழிவுணவைத் தின்று, நகரத் துப்புரவில் பாதியை அவையே செய்தன. 1910-ஆம் ஆண்டு, நகரை ஐரோப்பிய நகரங்களைப்போல் ஆக்க விரும்பிய புதிய ஆட்சியாளர்கள், பல்லாயிரக்கணக்கான நாய்களைப் பிடித்து மர்மராக் கடலில் உள்ள வறண்ட தீவொன்றில் விட்டுவிட்டனர். அங்கே நீரும் இல்லை, உணவும் இல்லை. அவற்றின் ஊளை கடலைக் கடந்து கேட்டதாக எழுதியிருக்கிறார்கள். தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் மொண்டு கொடுத்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட சரிதையைச் சிறுவயதிலேயே ஓதி வளர்ந்த ஒரு சமுதாயத்தின் தலைநகரில் இது நடந்தது என்பதை எழுதும்போது நமக்கு வெட்கமாகவே இருக்கிறது. இவ்வளவு செய்தும் இஸ்தான்பூலில் நாய்கள் இல்லாமற்போகவில்லை; இன்றும் அந்நகரம் தெருநாய்களுக்குப் பெயர் பெற்றதாகவே இருக்கிறது.

நம் சென்னை மாநகரமும் இதே பாடத்தைத்தான் படித்தது. 1860 முதல் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒன்றுகூட இல்லாதிருந்த கணக்கு, 1996-ஐ எட்டும்போது நாளொன்றுக்கு 135 வரை உயர்ந்துவிட்டதாகப் புளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். 136 ஆண்டுகள் கொன்றும் நாய்கள் குறைந்தபாடில்லை! 1970-களின் தொடக்கத்தில், கொல்லப்பட்ட நாய்களின் தோல் அவ்வளவு சேர்ந்ததால், அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அதில் கழுத்துப்பட்டையும் பணப்பையும் செய்து பார்த்ததாகவும் அவர் கூறுகிறார். கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விட்டுவிடலாம் என்று 1964-இலேயே அவ்வமைப்பு முன்வைத்த யோசனை 1996-இல்தான் செயலுக்கு வந்தது. ஓரிடத்தில் உணவு கிடைக்கும்வரை, இருந்த நாயைக் கொன்றால் பக்கத்துத் தெரு நாய் அங்கே வந்து சேரும். இது நம் ஊர்ச் சந்தைக்கடைப் பக்கம் குடியிருப்போர் யாவரும் கண்ணால் கண்டதே.

மருந்து வைக்கச் சொன்ன இளைஞர்களுக்காகச் சட்டத்தையும் குறிப்பிடுகிறோம். விலங்கைக் கொல்வதும் நஞ்சிடுவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதில் சிக்கினால் தலைமுறைக்கும் வழக்கு. அதற்கு முன்பே, மருந்து வைத்த சோற்றை ஊர்க்கோழியோ கறவை மாடோ, ஏன், குழந்தையோ தொட்டால் என்னாவது என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஐஸ்லாந்து தந்த பாடம்

நாம் படித்தவற்றுள் நமக்கு மிகவும் பயன்பட்ட வரலாறு, நாம் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த ஒரு நாட்டினுடையது. வடதுருவத்தை ஒட்டிய ஐஸ்லாந்து. ஆடு வளர்ப்பே அவர்கள் வாழ்வு. ஆட்டுக்குக் காவலாக வீடுதோறும் நாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டு மக்களை ஒரு நோய் வாட்டியது. கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் தோன்றி, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, உடைந்தால் உயிரையே எடுத்துவிடும். ஆறேழு பேரில் ஒருவருக்கு அந்நோய் இருந்ததாக அக்கால மருத்துவர் சிலர் கணித்தனர்.

1863-ஆம் ஆண்டு டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராப்பே என்ற ஆய்வாளர் அங்கே சென்றார். நாய்களின் குடலை அறுத்துச் சோதித்தார். அரிசி மணி அளவேயான நாடாப்புழு ஒன்று அவற்றில் நிறைந்திருக்கக் கண்டார். அதன் சுழற்சி இதுதான்: ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நீர்க்கட்டியை நாய் தின்கிறது. சுமார் ஆறேழு வாரங்களில் அதன் குடலில் புழு முதிர்ந்து, முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. மேய்ச்சலோடு அந்த முட்டைகளை உண்ணும் ஆட்டுக்கு மீண்டும் கட்டி வருகிறது. கை வழியாகவும் கீரை வழியாகவும் அதே முட்டை மனிதன் வாய்க்குச் சென்றால் மனிதனுக்கும் கட்டி வருகிறது. கிராப்பே இதை எளிய நடையில் சிறு நூலாக எழுதினார். அது ஐஸ்லாந்து மொழியில் அச்சிடப்பட்டு நாடெங்கும் இலவசமாக வழங்கப்பட்டது. அம்மக்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். குளிர்கால இரவுகளில் வீட்டார் கூடியமர்ந்து நூல் வாசிப்பது அவர்கள் வழக்கம். 1869-இல் நாய் வளர்ப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 1890-இல், அறுத்த ஆட்டின் கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கு எட்டாதபடி அழிக்க வேண்டும், நாய்களுக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தனர். தலைநகர் ரெய்க்யவிக்கில் 1924-இல் நாய் வளர்ப்பதையே தடைசெய்தனர். அத்தடை 1984-இல்தான் தளர்த்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அந்நோய் ஐஸ்லாந்தை விட்டே நீங்கிவிட்டது.

இதைப் படித்த இரவு நமக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. குர்பானி நாட்களில் நாம் என்ன செய்கிறோம்? இறைச்சியை மூன்று பங்காகப் பிரித்து, உற்றாருக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கிறோம்; இறைவன் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் குடலும், இரத்தம் தோய்ந்த மண்ணும், "இது ஆகாது" என்று ஒதுக்கிய கட்டி விழுந்த ஈரலும் எங்கே போகின்றன? ஓடை ஓரத்திலும் காலி மனையிலும் எறிகிறோம். கறிக்கடைகளில் ஒவ்வொரு வெள்ளியும் ஞாயிறும் இதே கதை. நிக்காஹ் விருந்து முடிந்தால் எலும்பும் மிச்ச பிரியாணியும் இலையோடு மண்டபத்தின் பின்புறம். அந்த நாய்களை நம் வாயிலுக்கு வரவழைத்தது யார்? பெருநாள் கழிந்த சில நாட்களில் அந்தச் சிறுவனின் காலில் ஒட்டியது, நாம் எறிந்ததன் மறுபக்கமே. அவனைத் திட்டிய பெரியவருக்கு மட்டும் அல்ல, கம்பளத்தைக் கண்டு முகம் சுளித்த நமக்கும் இதில் பங்குண்டு.

நாடாப்புழு ஒன்று மட்டும் என்று எண்ண வேண்டாம். குட்டி நாய்களில் அதிகமாகக் காணப்படும் உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்ணளையும் பிள்ளைகளின் வயிற்றுக்குள் சென்றால் அதன் குஞ்சுப்புழு சில வேளை கண்ணையே பாதிக்கும். நாயின் கொக்கிப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, கோடு கோடாக ஊர்ந்து அரிப்பை உண்டாக்கும். ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. உருளைப்புழுவின் முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது. மண்ணில் கிடந்து முதிர இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும். கொக்கிப்புழுவுக்கும் சில நாட்கள் தேவை. எனவே அன்றன்றே அள்ளிவிட்டால் இவ்விரண்டின் வழியும் அடைபடுகிறது. நாடாப்புழுவின் முட்டை மட்டும் வெளிவந்த உடனேயே தொற்றக்கூடியது. ஆதலால் அள்ளுபவர் கையைச் சோப்பிட்டுக் கழுவியாக வேண்டும்.

அள்ளச் செய்தவர்கள்

வீட்டில் நாய் வளர்ப்போர் தம் நாயின் கழிவைத் தாமே அள்ள வேண்டும் என்ற வழக்கம் உலகில் மிகப் பழமையானதன்று. நியூயார்க் நகரத்தில் 1970-களில் இதற்காகப் பெரும் போராட்டமே நடந்தது. பிள்ளைகளின் நலத்தை முன்வைத்து ஃபிரான் லீ என்ற பெண்மணி கூட்டந்தோறும் பேசினார். நாய் வளர்ப்போர் அவரை எதிர்த்துக் கூச்சலிட்டனர். கிழவர்களும் கண்பார்வையற்றோரும் எப்படிக் குனிந்து அள்ளுவர் என்று வாதிட்டனர். இறுதியில் மாநிலச் சட்டம் இயற்றப்பட்டு, 1978 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பார்வையற்றோருக்கு அதில் விலக்கு உண்டு. ஓரிரு ஆண்டுகளில், கையில் உறையோடு நாயை அழைத்துச் செல்வது அங்கே சாதாரணக் காட்சியாகிவிட்டது.

பாரிஸ் நகரம் எதிர்வழியில் சென்றது. நாய் வளர்ப்போரை வருத்தாமல், மாநகராட்சியே அள்ளட்டும் என்று 1982-இல் உறிஞ்சு குழாய் பொருத்திய மோட்டார் சைக்கிள்களை ஓடவிட்டனர். பெருஞ்செலவு, ஆனால் தெருவில் விழுந்ததில் சிறு பகுதியையே அவற்றால் அள்ள முடிந்தது. 2004-இல் அவற்றை நிறுத்திவிட்டு, அவர்களும் அபராதத்துக்கே வந்து சேர்ந்தனர். ஸ்பெயின் நாட்டில் புருனெத்தே என்ற சிற்றூர் 2013-இல் செய்தது நமக்குச் சிரிப்பை வரவழைத்தது. தன்னார்வலர்கள், நாயின் கழிவை அள்ளாமல் செல்வோரிடம் நயமாகப் பேச்சுக் கொடுத்து நாயின் பெயரைக் கேட்டறிவர். நகராட்சிப் பதிவேட்டில் அந்தப் பெயரையும் இனத்தையும் வைத்து முகவரியைக் கண்டுபிடிப்பர். பிறகு அந்தக் கழிவைப் பெட்டியிலிட்டு, "தவறவிட்ட பொருள்" என்று எழுதி வீட்டிலேயே ஒப்படைத்துவிடுவர்! (நம் ஜமாஅத்தில் இதைப் பின்பற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இளைஞர்கள் கவனிக்கவும்.)

நம் நாட்டு நிலையோ இன்னும் சிக்கலானது. அங்கெல்லாம் நாய்க்கு உரிமையாளர் உண்டு. நம் தெருநாய்க்குப் பலர் சோறிடுவர், சொந்தம் கொண்டாடுபவர் எவருமிலர். விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2001-இல் வந்தன. 2023-இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பதே அவற்றின் சாரம். உணவிடுவோர் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் நுழைவாயிலுக்கும் அப்பால், குறித்த இடத்தில்தான் இட வேண்டும், அவ்விடத்தில் குப்பை சேரக் கூடாது என்றும் 2023-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று தெருக்களில் கண்ட இடத்தில் உணவிடுவதைத் தடைசெய்து, அதற்கெனத் தனியிடங்களை ஏற்படுத்தச் சொன்னது. அவ்வாண்டு நவம்பர் 7 அன்று பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி வேலியிட உத்தரவிட்டது.

ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்து வாரக் கடைசியில் ஊர் திரும்பும் நம் பிள்ளைகளிடம் கேட்டோம். அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாயோடு உலாவச் செல்வோர் காகிதமும் உறையும் கொண்டு செல்வதைத் தாம் பார்ப்பதுண்டு என்றனர். கொண்டு செல்லாதவர்களும் ஏராளம் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த நகரங்களின் பழக்கங்கள் நம் ஊருக்கு வர அதிக காலம் ஆவதில்லை. உயர் இன நாய்களும் வந்துவிட்டன. காகித உறைதான் இன்னும் வந்து சேரவில்லை.

நாம் செய்தவை

அவகாசம் கேட்ட ஒரு மாதம் முடிந்து கூடிய கூட்டத்தில் மேற்கண்டவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். விவாதம் நீண்டது. "நாய் அசிங்கம் செய்தால் நாம் ஏன் அள்ள வேண்டும்?" என்றார் ஒருவர். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது தர்மம் என்று ஒவ்வொரு ஜும்ஆவிலும் பேசிவிட்டு, அந்தத் தொல்லை முள்ளாகவும் கல்லாகவும் மட்டும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட முடியுமா என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் ஃபஜ்ருக்கு முன்பே ஒரு சிறு மண்வெட்டியும் சாம்பல் நிரம்பிய தகர டப்பாவும் வாயிலோரம் வைக்கப்பட்டிருந்தன. வைத்தவர் யார் என்பதை அறிவோம்; அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கறிக்கடை வைத்திருப்போரை முத்தவல்லி தம் வீட்டுக்கே அழைத்துப் பேசினார். ஜமாஅத்துக்குச் சொந்தமான காலி நிலத்தின் ஓரத்தில், குடிநீர்க் கிணற்றுக்கு வெகு தொலைவில், ஆளுயரக் குழி தோண்டப்பட்டு, மேலே பலகையும் கல்லும் வைத்து மூடப்பட்டது. கழிவைப் போட்டவுடன் சுண்ணாம்பு தூவி மண் தள்ளுவது என்று முடிவாயிற்று. கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் எக்காரணம் கொண்டும் நாய்க்குப் போடுவதில்லை என்று கடைக்காரர்கள் வாக்களித்தனர். ஒருவர் மட்டும், "ஹஜ்ரத், முப்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றார். அந்தக் கட்டி உடலில் பத்தாண்டுகூடத் தெரியாமல் வளரும் என்று சொன்னபோது, தம் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யக் கோரி ஜமாஅத்தின் பெயரில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். நகல் அலுவலகக் கோப்பில் உள்ளது, விரும்புவோர் பார்க்கலாம். மண்டபத்தின் மிச்ச உணவுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. விருந்து நடத்துவோர் நள்ளிரவில் களைத்துப்போய் எல்லாவற்றையும் பின்புறம் கொட்டிவிட்டுச் செல்வது தொடர்கிறது. இதை நிர்வாகக் குழு வாடகை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, முன்பணத்திலிருந்து பிடித்தம் செய்ய வேண்டும் என்பது நம் கருத்து. சிலர் இதை ஏற்கவில்லை. வரும் பொதுக்குழுவில் இதைப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறுவன் நான்காம் நாள் மக்தபுக்குத் திரும்பி வந்தான். நாமே அவன் வீட்டுக்குச் சென்று அழைத்து வந்தோம். கடிந்துகொண்ட பெரியவரும் உடன் வந்தார், வரும் வழியில் அவனுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் கால் கழுவிவிட்டு உள்ளே வருவதற்கு வாயிலருகே ஒரு குழாய் போட்டிருக்கிறோம். ஹவுளில் நீர் குறையும் கோடைக்காலத்தில் அந்தக் குழாயும் வற்றிவிடுகிறது. இந்த ஆண்டுக் குர்பானிக்கு முன் தனித் தொட்டி ஒன்று அமைக்க நன்கொடை தர விரும்புவோர் பொருளாளரைச் சந்திக்கவும். முதற்குழி முக்கால் பங்கு நிரம்பிவிட்டதால், இரண்டாவது குழி தோண்டுவதற்கு ஆறு இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுள் இருவர், சென்ற ஆண்டு சோற்றில் மருந்து வைக்கச் சொன்னவர்கள்.